ஆறாம் வகை சாரி

சாவி வெட்டுகிறவருக்கு "சாரி" என்ற வார்த்தை அரம் மாதிரி. தொழிலுக்கு வேண்டிய சாமான். செய்து கொடுத்த சாவி பூட்டில் சுற்றவில்லை என்று யாராவது முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பி வந்தால், நம் சாவிக்காரர், "சாரிங்க, கொடுங்க. ஒரு பல்லு லேசா தூக்கியிருக்கு" என்று வாங்கி, இரண்டு இழுப்பு இழுத்து, ஊதிக் கொடுப்பார். வந்தவரும் சமாதானமாகிப் போய்விடுவார். ஒரு நாளைக்குப் பத்து சாரியாவது அந்தக் கடையில் செலவாகும். அதற்கு இங்கிலீஷ்காரன் என்ன அர்த்தம் வைத்தான், எங்கே சொல்லலாம் என்றான், எங்கே சொல்லக் கூடாது என்றான் என்று அவர் ஒருநாளும் யோசித்தவர் இல்லை. ஐம்பத்து நாலு வயதில் அந்த ஒரு வார்த்தையை வாங்குவதற்காகப் பெரிய ஆஸ்பத்திரியின் நாலாம் மாடிக்குப் பதினோரு முறை ஏறி இறங்க வேண்டியிருக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால், சொன்னவருக்குத்தான் வைத்தியம் பார்க்கச் சொல்லியிருப்பார்.

அவருடைய மனைவி வீட்டில் மிஷின் வைத்துத் துணி திருத்திக் கொடுக்கிறவள். இளைத்தவர்களுக்குப் பிடித்துக் கொடுப்பாள், பெருத்தவர்களுக்குப் பிரித்து விடுவாள். வயிற்றுவலி என்று ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பரிசோதனை செய்துகொண்டு வந்தாள். நாலாம் நாள் தபாலில் கவர் வந்தது. நோய் முற்றிவிட்டது, இன்னும் தொண்ணூறு நாள் என்று சீல் வைத்து எழுதியிருந்தது.

அவள் அழுதது ஒரே ஒரு நாள். மறுநாள் எழுந்து வேலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். சாவதையும் அவள் ஒரு வேலையாகத்தான் எடுத்துக்கொண்டாள், அதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டுமென்று. தையல் மிஷினைத் துடைத்து, எண்ணெய் விட்டு, மாடி வீட்டுப் பெண்ணிடம் கொடுத்தாள். அடுப்பங்கரை டப்பாக்களில் எல்லாம் காகிதம் ஒட்டினாள். ஒன்றில் "உப்பு" என்று எழுதினாள். கணவரின் கெட்டிக்காரத்தனத்தை இருபத்தேழு வருஷமாக அறிந்தவளாதலால், பக்கத்து டப்பாவில் "இது உப்பு இல்லை" என்றும் எழுதினாள். பிறகு அக்காவைக் கூப்பிட்டு, அம்மாவின் மோதிரம் தொலையவில்லை, அன்றைக்குப் பழி உன்மேல் விழுந்தது, மோதிரம் என்னிடம்தான் இருந்தது என்று சொல்லி அதை அவள் கையில் வைத்தாள். அக்கா தலையில் அடித்துக்கொண்டு அழுது, தங்கையைக் கட்டிப்பிடித்து மன்னித்தாள். சுவர்க் காலண்டரில் தொண்ணூறாம் நாளைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டாயிற்று.

நாற்பத்தோராம் நாள் இன்னொரு கவர் வந்தது. உள்ளே ஒரு தாள். "பரிசோதனையில் குறை எதுவும் இல்லை. முந்தைய அறிக்கையைப் புறக்கணிக்கவும்." அதே சீல், அதே கையெழுத்து.

சாவிக்காரர் அதைத் தூக்கிக்கொண்டு குதித்தார். மாடிக்கும் கீழுக்கும் ஓடினார். அவள் மட்டும் தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டாள்.

"எதைங்க புறக்கணிக்கிறது? நாப்பது நாளையா?"

"விடும்மா, நல்லதுதானே சொல்லியிருக்காங்க?"

"அதுலயும் இதே சீல்தான், இதுலயும் இதே சீல்தான். எது பொய்னு யாருக்குத் தெரியும்? நான் தைரியமா இருக்கணும்னு நீங்களே சொல்லி எழுதி வாங்கியிருப்பீங்க."

"நான் சொன்னா ஆஸ்பத்திரியில கேட்டுடுவாங்களா?"

"அப்போ அவங்க வந்து சொல்லட்டும். ஒருத்தர், ஒரே ஒருத்தர், என் மூஞ்சியப் பாத்து, 'நாங்கதான் தப்பு பண்ணிட்டோம், சாரி'ன்னு சொல்லட்டும். தப்பு பண்ணாதவன் எவனும் அதைச் சொல்ல மாட்டான். அப்ப நம்புறேன். அப்ப எந்திரிச்சு மிஷினை வாங்கிட்டு வரேன்."

சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தவள் படுத்தவள்தான். சாப்பாடு கால் வயிறாகி, கால் வயிறு இரண்டு வாயாகியது. சாவிக்காரர் கட்டிலின் அருகே உட்கார்ந்து தானே நாலைந்து சாரி சொல்லிப் பார்த்தார். "நீங்க எதுக்குச் சொல்றீங்க? நீங்களா கவர்ல போட்டீங்க?" என்று அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பட்ட காலிலே படும் என்பார்கள். செய்தி கேட்ட அக்காவும் அன்றே பேச்சை நிறுத்திவிட்டாள். "சாகப்போறாளேன்னு நெனச்சுத்தான் மன்னிச்சேன். என்னை நல்லா ஏமாத்திட்டா" என்று ஊரெல்லாம் சொன்னாள்.

ஒரு வார்த்தைதானே, போய் வாங்கி வந்துவிடுவோம் என்று சாவிக்காரர் கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பினார்.

ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் அவருக்கு நம்பிக்கை வந்துவிட்டது. லிஃப்டில் "சாரி, இயங்கவில்லை" என்று பலகை. தண்ணீர்க் குழாய் மேல் "சாரி, தண்ணீர் இல்லை." மூன்று கால் நாற்காலி ஒன்றின் முதுகில் "சாரி, உட்காராதீர்கள்." டோக்கன் மிஷின்கூட "சாரி, காத்திருக்கவும்" என்று அச்சடித்துத் துப்பியது. நாலாம் மாடி ஏறுவதற்குள் பதினேழு எண்ணினார். இவ்வளவு சாரியைச் சிந்திச் சிதறி வைத்திருக்கிற இடத்தில் நமக்கு ஒன்று கிடைக்காமலா போகும் என்று நினைத்தார் பாவம்.

நாலாம் மாடியில் "வருத்தம் தெரிவிப்புப் பிரிவு" இருந்தது. ஒரு ஜன்னல், ஜன்னலுக்குப் பின்னால் ஓர் அம்மாள். ஜன்னலுக்கு முன்னால் இருந்த பெஞ்சில் ஒரே ஒருவர் உட்கார்ந்திருந்தார். சாவிக்காரர் கதையை ஆதியோடந்தமாகச் சொன்னார். அம்மாள் பொறுமையாகக் கேட்டாள்.

"சாரி சார், சாரி சொல்ல முடியாது."

"இப்ப சொன்னீங்களேம்மா!"

"அது நாலாம் வகை. மறுக்கிறப்ப சொல்றது. நீங்க கேக்குறது ஆறாம் வகை."

அவருக்குப் புரியவில்லை என்று கண்டு, அவள் மேஜைக்குள்ளிருந்து தடியான புத்தகம் ஒன்றை எடுத்தாள். அட்டையில் "சாரி: பொருளும் பயன்பாடும். ஊழியர் கையேடு" என்று இருந்தது. ஒன்றைச் சொல்லிவைக்க வேண்டியது நியாயம்: அந்தக் கையேட்டை எழுதியவர்கள் சும்மா எழுதவில்லை, ஏழு பேர் கொண்ட குழு இரண்டு வருஷம் உட்கார்ந்து எழுதியது. முதல் வகை, பலகையில் எழுதுவது. இரண்டாவது, நடையில் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டால் சொல்வது; தோள் பட்டால் ஒன்று, கால் மிதிபட்டால் இரண்டு. மூன்றாவது, சொன்னது காதில் விழாவிட்டால் கேள்வியாகச் சொல்வது. நாலாவது மறுப்பதற்கு. ஐந்தாவது, யாராவது இறந்துவிட்டால் துக்கத்துக்கு. ஆறாவது, தப்பு நம்முடையதாக இருந்தால்.

"ஆறாவது எந்தப் பக்கம்?" என்று ஆவலோடு கேட்டார்.

அம்மாள் விரித்துக் காட்டினாள். வெள்ளைத் தாள். நடுவில் பொடி எழுத்தில், "இப்பக்கம் வேண்டுமென்றே காலியாக விடப்பட்டுள்ளது."

"அப்ப எப்படிம்மா கிடைக்கும்?"

"குழு கூடணும். மனு கொடுங்க. மனுல 'தப்பு'ங்கிற வார்த்தை வரக்கூடாது. வந்தா வாங்க மாட்டோம்."

பெஞ்சில் இருந்தவர் லேசாகச் சிரித்தார். ஜன்னல்களுக்குக் கண்ணாடி போடுகிறவராம். விரல்களெல்லாம் வெட்டுக் காயத் தழும்பு. "என் மனுவை நாலு தடவை திருப்பிட்டாங்க. 'தப்பு'க்குப் பதிலா 'நிகழ்வு'ன்னு போடுங்க, வாங்கிப்பாங்க" என்று சொல்லிக்கொடுத்தார்.

இரண்டு பேரும் பேச ஆரம்பித்தார்கள்.  கண்ணாடிக்காரரின் மனைவியும் அதே நாளில் பரிசோதனைக்கு வந்தவள். அவளுக்குக் குறை எதுவும் இல்லை என்று கவர் வந்தது. சந்தோஷமாகக் கணவரோடு ஏணி பிடித்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். நாற்பத்தோராம் நாள் அவர்களுக்கும் இன்னொரு கவர், நோய் முற்றிவிட்டது என்று.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு நடைமுறை. நோயாளியின் ரகசியத்தை உயிரைப்போல் காப்பார்கள். நோயாளியின் உயிரையும் அப்படிக் காத்தால் என்ன என்று கேட்காதீர்கள். அது வேறு பிரிவு. ரிப்போர்ட்டில் பெயர் கிடையாது. ஓர் அறையில் ரிப்போர்ட் எழுதுவார்கள், அவர்களுக்குப் பெயர் தெரியாது. இன்னோர் அறையில் கவர்மேல் முகவரி எழுதுவார்கள், அவர்களுக்கு நோய் தெரியாது. மூன்றாவது அறையில் இருப்பவர் இரண்டையும் படிக்காமல் ஒன்றுக்குள் ஒன்றைப் போட்டு ஒட்ட வேண்டும். படித்தால் வேலை போய்விடும். இந்த ஏற்பாட்டுக்காக அவர்கள் ஒரு கேடயம் வாங்கியிருந்தார்கள். வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் மின்னிக்கொண்டிருந்தது.

"மூணாம் மாடியிலதான் படுத்திருக்கா" என்றார் கண்ணாடிக்காரர். "நாப்பது நாள் முன்னாடி தெரிஞ்சிருந்தா ஏதாவது செஞ்சிருக்கலாம்னு டாக்டரே சொன்னாரு. சொல்லிட்டு, 'நான் சொன்னதா சொல்லாதீங்க'ன்னாரு. அவ ஒண்ணுதான் கேட்டா. 'நான்தான் வலியைச் சொல்லாம விட்டுட்டேனோ, என் மேலதான் தப்போ'ன்னு. இல்லம்மான்னா நம்ப மாட்டேங்கிறா. அவங்க வந்து ஒரு வார்த்தை சொன்னா, நிம்மதியா கண்ண மூடுவா. அவ காதுல விழணும். அதுக்குத்தான்."

சாவிக்காரரால் அதற்குமேல் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தன் வீட்டில் நாற்பது நாள் கிடந்தது இவர் வீட்டுச் சாவு, இவர் வீட்டில் கிடந்தது தன்னுடைய சந்தோஷம் என்று தோன்றியது. ஏதோ திருடியவர்போல் கூசினார்.

நாலாவது முறை போனபோது ஜன்னல் அம்மாள் மலர்ந்த முகத்தோடு வரவேற்றாள். "நல்ல நேரத்துல வந்தீங்க. வாங்க, வாங்க" என்று உள்ளே ஒரு அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்துவிட்டது என்று ஓடினார். அங்கே பன்னிரண்டு ஊழியர்கள் நிலைக்கண்ணாடி முன்னால் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். வாரம் ஒருமுறை நடக்கிற சாரிப் பயிற்சி. நோயாளியாக நடிக்க வருகிறவர் அன்றைக்கு விடுப்பு.

"முகத்துல நிஜமான சோகம் இருக்கு. இந்த மாதிரி ஆள் கிடைக்கிறது கஷ்டம்" என்று பயிற்சியாளர் மெச்சி, அவரை நாற்காலியில் உட்காரவைத்தார். முதலில் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். இப்போது சொல்லப்படும் எந்தச் சாரியும் செல்லாது, அவற்றை வீட்டுக்கு எடுத்துச் செல்ல மாட்டேன் என்று அதில் இருந்தது.

பிறகு ஒவ்வொருவராக வந்து அவர் எதிரில் நின்று சொன்னார்கள். பயிற்சியாளர் திருத்திக்கொண்டே போனார். "தலை ரொம்பச் சாயுது. கொஞ்சமா சாய்க்கணும். ரொம்பச் சாய்ச்சா ஒத்துக்கிட்ட மாதிரி." "கையைக் கட்டாதீங்க, திமிரா இருக்கு. கூப்பாதீங்க, பயந்த மாதிரி இருக்கு. ஃபைல் ஒண்ணு பிடிச்சுக்குங்க." "கண்ணைப் பாக்காதீங்க. புருவத்துக்கு நடுவுல பாருங்க. அவங்களுக்கு வித்தியாசம் தெரியாது."

பதினோரு பேர் சொல்லி முடித்தார்கள். அவ்வளவு அழகான சாரிகளைச் சாவிக்காரர் கேட்டதே இல்லை. பன்னிரண்டாவதாக வந்தவள் புதிதாகச் சேர்ந்த நர்ஸ். "என்ன நடந்துச்சுங்க?" என்று கேட்டாள். அது பாடத்தில் கிடையாது. அவர் சொன்னார். டப்பாவில் ஒட்டிய காகிதம் வரைக்கும் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு பொலபொலவென்று அழுதுவிட்டாள். "சாரிங்க" என்றாள். 

"அம்மா, இதையே என் வீட்டுக்கு வந்து ஒரு தடவை சொல்லிடும்மா. பக்கத்துலதான். நானே கூட்டிட்டுப் போய் நானே கொண்டுவந்து விட்டுடறேன்" என்று சாவிக்காரர் கெஞ்சினார்.

பயிற்சியாளர் நடுவில் புகுந்து இருவரையும் பிரித்தார். நர்ஸின் பெயருக்கு எதிரே "தோல்வி" என்று எழுதினார். "கண்ணீர் வந்தா அது சாட்சியம்" என்று மற்றவர்களுக்கு விளக்கினார். அடுத்த முறை சாவிக்காரர் தேடிப் போனபோது, அவளை யாரும் வராத எக்ஸ்ரே கிடங்குக்கு மாற்றியிருந்தார்கள்.

குழு கூடியது எழுபத்தெட்டாம் நாள். அதற்குள் வீட்டில் அவள் எழுந்து உட்காருவதற்கே சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. நோயே இல்லாத உடம்பு, ஒரு காலண்டரைப் பார்த்துக்கொண்டே கரைந்துகொண்டிருந்தது. டாக்டரைக் கூட்டி வந்தால், "எல்லாரும் சேர்ந்து நடிக்கிறீங்க" என்றாள்.

நீள மேஜை. அந்தப் பக்கம் ஏழு பேர், நடுவில் தலைமை வருத்த அலுவலர். இந்தப் பக்கம் சாவிக்காரர். கண்ணாடிக்காரர் கொஞ்சம் தாமதமாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். சவரம் செய்திருக்கவில்லை.

தலைவர் எழுந்து பேசினார். "மதிப்புக்குரிய நண்பர்களே, நம்ம ஆஸ்பத்திரிக்குப் பெருமை தர்ற ஒரு விஷயத்தை முதல்ல சொல்லிடறேன். ஆரம்பிச்ச நாள்லேர்ந்து இன்னிக்கு வரைக்கும் நாம ஒரு ஆறாம் வகைகூட வழங்கினதில்ல. அப்படின்னா என்ன? இங்க தப்பே நடந்ததில்லன்னுதானே அர்த்தம்? வேற ஆஸ்பத்திரியில போய்ப் பாருங்க, வாய்க்கு வந்தபடி சாரி சொல்றாங்க. அங்கெல்லாம் தப்பு பெருகுது. சாரி சொல்றதாலதான் தப்பு வருதுன்னு எங்க ஆய்வு சொல்லுது. அந்த வார்த்தையை மதிக்கிறதாலதான் அதை நாங்க வெளிய எடுக்கிறதில்ல. நல்ல பாத்திரத்தை யாராவது தினமும் புழங்குவாங்களா?"

மேஜை தட்டினார்கள். சாவிக்காரரும் தெரியாமல் தட்டிவிட்டார்.

ஓர் உறுப்பினர் சிக்கலை எடுத்துவைத்தார். "கவர் மாறின நிகழ்வு ஒண்ணு. ஆனா கேக்குறவங்க ரெண்டு பேர். ரெண்டு சாரி கொடுத்தா ரெண்டு நிகழ்வுன்னு ஆயிடும். ஒண்ணே ஒண்ணைக் கொடுத்து ரெண்டு பேரையும் பங்கிட்டுக்கச் சொல்லலாமா?"

"எனக்கு வேணாங்க" என்றார் சாவிக்காரர். "முதல்ல இவருக்குக் கொடுங்க. இவர் வீட்டம்மா காதுல விழணும். இப்பவே யாராவது மூணாம் மாடிக்கு இறங்கி வந்தா போதும்."

கண்ணாடிக்காரர் தன் விரல் தழும்பைத் தடவிக்கொண்டிருந்தார். "இனிமே இறங்க வேணாம்" என்றார். "நேத்துக் காலையில போயிட்டா."

 ஏழு பேரும் கையேட்டைப் புரட்டினார்கள். பிறகு தலைவரின் முகம் தெளிந்தது.

"நல்லதாப் போச்சு" என்றார். உடனே தலையைக் கொஞ்சமாகச் சாய்த்து, கண்ணாடிக்காரரின் புருவத்துக்கு நடுவில் பார்த்து, "அதாவது, விதிப்படி நல்லதாப் போச்சு. இறந்துட்டாங்கன்னா அஞ்சாம் வகைக்குள்ள வந்துடறாங்க. அதைத் தாராளமாக் கொடுக்கலாம், ஒரு தடையும் இல்ல. இவருக்கு, மனைவி நல்லா இருக்காங்கன்னு உறுதி பண்ணி, இடையில ஏற்பட்ட சிரமத்துக்கு முதல் வகை கொடுத்துடலாம். பலகையில எழுதறதைக் காகிதத்துல எழுதறோம், அவ்வளவுதான். ஆறாம் வகையைத் தொடவே வேணாம். ரெண்டு பேருக்கும் கிடைச்ச மாதிரி ஆச்சு, நம்ம பேரும் கெடல" என்றார்.

மறுபடி மேஜை தட்டினார்கள்.

சாவிக்காரர் வெட்கத்தை விட்டு எழுந்து நின்றார். "ஐயா, யாராவது நேர்ல வந்து..."

"கடிதமா வரும். சீலோட வரும். 'சாரி'ங்கிற வார்த்தை இருக்கும். அது போதாதா?"

போதும் என்றுதான் அவருக்கும் பட்டது. யானைப் பசிக்குச் சோளப்பொரி என்றாலும் பொரி பொரிதானே. நல்லா இருக்கிறாய் என்ற செய்தியும் சாரியும் ஒரே தாளில் வந்தால் அவளால் மறுக்க முடியாது. வீட்டுக்கு ஓடிவந்து சொன்னார். அவள் கண்ணில் பல நாளுக்குப் பிறகு ஒரு உயிர் தெரிந்தது.

"சாரின்னு எழுத்துல போடறேன்னு சொன்னாங்களா?"

"தலைவரே சொன்னாரு."

"வரட்டும். பாக்கலாம்" என்று அன்றைக்கு நாலு வாய் கூடவே சாப்பிட்டாள்.

எண்பத்தேழாம் நாள் காலை தபால்காரர் கவரைக் கொடுத்தார். மேலே சாவிக்காரரின் முகவரி, சுத்தமான கையெழுத்தில். வாசலிலேயே பிரித்தார். மூன்றாவது அறையில் இருப்பவர், படித்தால் வேலை போய்விடும் என்பதால், இந்த முறையும் படிக்கவில்லை.

"தேதி .................. அன்று காலமான தங்கள் மனைவிக்காக எமது ஆஸ்பத்திரி ஆழ்ந்த சாரியைத் தெரிவித்துக்கொள்கிறது. (தேதியைக் குடும்பத்தாரே நிரப்பிக்கொள்ளலாம்.)" கீழே சீல்.

சாவிக்காரர் அதை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் பேனாவின் பக்கத்தில் செருகிக்கொண்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினார்.

ஜன்னல் அம்மாள் பதிவேட்டைப் பார்த்தாள். "உங்களுக்கு ஒரு சாரி வழங்கியாச்சுன்னு இருக்கே."

"தப்பா வந்திருக்கும்மா!"

"அந்த வார்த்தை வேணாம் சார். இப்ப உங்களுக்கு வேற ஒண்ணு கொடுத்தா, முதல்ல கொடுத்தது சரியில்லன்னு ஆகும். சாரிக்குச் சாரி சொல்றது ஆறாம் வகை. குழு கூடணும்." கொஞ்சம் இரக்கப்பட்டவள்போல் குரலைத் தாழ்த்தினாள். "உங்களுக்கு வரவேண்டியது அவர் வீட்டுக்குத்தான் போயிருக்கும். நீங்க ரெண்டு பேரும் பேசி மாத்திக்கிறதுக்குத் தடை எதுவும் இல்ல."

கண்ணாடிக்காரரின் வீடு பட்டறையோடு சேர்ந்தது. சுவரெல்லாம் சாய்த்து வைத்த கண்ணாடித் தகடுகள். தரையில் பொடி நறநறத்தது. கவர் வந்ததா என்று கேட்கவே வேண்டியிருக்கவில்லை. கூடத்துச் சுவரில், பார்க்கிற உயரத்தில், சட்டம் போட்டு, கண்ணாடி பதித்து, அது நகராமலிருக்க ஓரமெல்லாம் மக்குப் பூசி மாட்டியிருந்தார். மக்கு இன்னும் ஈரமாக இருந்தது.

"தங்கள் மனைவி பூரண நலத்துடன் இருக்கிறார் என்பதை இதன்மூலம் உறுதி செய்கிறோம். இடையில் ஏற்பட்ட சிரமத்துக்கு சாரி." கீழே சீல்.

சாவிக்காரர் அதைப் படித்துக்கொண்டே நின்றார். அவளை எழுப்பிவிடக்கூடிய ஒரே காகிதம் இரண்டு சாண் தூரத்தில் இருந்தது. பையிலிருந்து தன் கடிதத்தை எடுத்து நீட்டினார். 

"அண்ணே, இது உங்களுது. மாறி வந்துடுச்சு. அது என்னுது. இன்னும் மூணு நாள்தான் இருக்குன்னு அவ கணக்குப் பண்ணிக் காத்துக்கிட்டிருக்கா. நீங்க மனசு வெச்சா..."

கண்ணாடிக்காரர் நீட்டிய தாளை வாங்கிப் படித்தார். ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தார். மடித்து, திருப்பிச் சாவிக்காரர் கையிலேயே வைத்தார்.

"இது எனக்குத் தெரியும்ங்க" என்றார். "இதை யாரும் எழுதித் தர வேண்டியதில்ல." பிறகு சுவரைப் பார்த்தார். "அது எனக்குத் தெரியாது. அதுல நல்லா இருக்கான்னு போட்டிருக்கு. சீல் வெச்சிருக்கு. காலையில எந்திரிச்சதும் அதைத்தான் பாக்குறேன். பொய்னு தெரியாமலா இருக்கு? இருந்தாலும் கொடுக்க முடியலைங்க. என் கையால அதைக் கழட்டி, அவ நல்லா இல்லன்னு மறுபடி ஒரு தடவை... என்னால ஆகாதுங்க."

சாவிக்காரர் தாளைப் பழையபடி சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டார். அவர் திறக்காத பூட்டு ஊரில் இல்லை. இதற்கு எந்தச் சாவியை வெட்டுவது?  கடைசியில் கண்ணாடிக்காரர் அவரை வாசல்வரை கொண்டுவந்து விட்டார்.

வீட்டில் அவள் கதவுப் பக்கமே பார்த்துப் படுத்திருந்தாள்.

"தபால் வந்ததாமே. மாடி வீட்டுப் பொண்ணு சொன்னா. எங்க?"

"வந்து..." என்றார் சாவிக்காரர். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். கை தானாகவே சட்டைப் பைக்குப் போய்விட்டது. அவள் அந்தக் கையைப் பார்த்தாள். சுவரைப் பிடித்து எழுந்து உட்கார்ந்து, "கொடுங்க" என்றாள். இருபத்தேழு வருஷமாக அவள் கொடுங்க என்றால் கொடுத்தே பழகியவர். கொடுத்துவிட்டார்.

அவள் வெளிச்சத்துக்குத் திருப்பி நிதானமாகப் படித்தாள்.  அவள் முகத்தில் இருந்த சுருக்கங்களெல்லாம் ஒவ்வொன்றாக விட்டுப்போயின. தைத்த துணி கடைசியில் அளவுக்குச் சரியாக நின்றுவிட்டால் அவள் முகம் அப்படித்தான் ஆகும்.

"சாரின்னு போட்டிருக்காங்க" என்றாள். "பாத்தீங்களா? கேட்டாக் கொடுக்கிறாங்க. நான் சொன்னேன்ல, உண்மையைச் சொல்றதா இருந்தாத்தான் அந்த வார்த்தை வரும்னு. நடுவுல வந்த கவர்தான் பொய்."

"இல்லம்மா, அது வேறொருத்தருக்கு... மறுபடி மாத்திப் போட்டு..."

"எத்தனை தடவைங்க மாத்திப் போடுவாங்க? அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி." அவள் அவர் கன்னத்தைத் தொட்டாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு தொட்டாள். "எனக்காக எவ்வளவு அலைஞ்சிருக்கீங்க. போதும். இனிமே போகாதீங்க."

பிறகு தாளை மறுபடி பார்த்தாள். திருத்த வந்த துணியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"தேதிய மட்டும் விட்டுட்டாங்களே. நம்மளையே எழுதிக்கச் சொல்லியிருக்காங்க." காலண்டரில் இருந்த சிவப்பு வட்டத்தை ஒருமுறை சரிபார்த்துக்கொண்டு கையை நீட்டினாள். "அந்தப் பேனாவைக் கொடுங்க."

சாவிக்காரர் சட்டைப் பையை உள்ளங்கையால் இறுக்கி மூடிக்கொண்டார்.

"சாரிம்மா" என்றார். "பேனா இல்ல."

அவள் நீட்டிய கையை மடக்கவில்லை.